தோண்டாத மண்ணில் ஒன்றுமில்லை என்பவருக்கு

சென்ற மாத இதழில் கொல்கத்தாவைப் பற்றி வெளியான கட்டுரை நான்கு விஷயங்களைச் சொல்கிறது. 1690 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயர் சுதானுட்டியில் கரையிறங்கியபோதுதான் கொல்கத்தா பிறந்தது, அதற்கு முன் அங்கே சேறும் காடும் தவிர வேறெதுவும் இல்லை என்கிறது முதல் வாதம். ஆற்று வண்டலில் எதுவும் நிலைக்காது, ஆகவே அங்கே அகழாய்வு வீண் என்கிறது இரண்டாவது. சார்னாக் நகரத்தை நிறுவியவர் இல்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது வெறும் வெள்ளைக்காரர் வெறுப்பு என்பது மூன்றாவது. தொல்லியலுக்குப் பணம் இருந்தால் கீழடிக்குக் கொடுங்கள், வங்காளச் சேற்றில் கொட்டாதீர்கள் என்பது நான்காவது.

நான்கையும் மறுக்கிறேன். முதல் மூன்றும் தகவல் பிழைகள். நான்காவது அதைவிடக் கெட்டது. தமிழ் வாசகர்களுக்குக் கீழடி மீது உள்ள பெருமிதத்தை எடுத்து, இன்னொரு மண்ணின் மக்களுடைய கடந்த காலத்தை மூடுவதற்கு அது பயன்படுத்துகிறது. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருந்து, இந்த நகரத்தின் சோற்றைத் தின்று வளர்ந்த தமிழர்களில் ஒருவனாக இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் காலி நிலம். சார்னாக் வந்த கதையைக் கட்டுரையாளர் முழுதாகப் படித்திருந்தாலே இந்த வாதத்தை எழுதியிருக்க மாட்டார். 1690இல் நடந்தது முதல் வருகை இல்லை. ஹூக்ளியில் முகலாய அதிகாரிகளோடு சண்டை வந்து அங்கிருந்து வெளியேறியபோது, 1686 டிசம்பரிலேயே அவர் சுதானுட்டிக்கு வந்து தங்கினார். 1687இல் மறுபடி வந்தார். இடையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் சென்னைப் பட்டணத்துக்கே பின்வாங்கி, அங்கிருந்து புறப்பட்டுத்தான் 1690 ஆகஸ்டில் மூன்றாம் முறை வந்து இறங்கினார்கள். கப்பலும் சரக்கும் ஆட்களும் வைத்திருந்த ஒரு வியாபாரி மூன்று முறை திரும்பத் திரும்ப அதே கரைக்கு ஏன் வருகிறான்? அந்தக் கரையில் நூல் விற்றது. சுதானுட்டியில் பருத்தி நூலும் துணியும் கைமாறும் சந்தை இருந்தது. ஆறு ஆழமாக இருந்தது. கிழக்கே கிடந்த உப்பு ஏரிகள் தரை வழியாக வரும் படையைத் தடுத்தன. கம்பெனி தேடியது துணி. துணி கிடைக்கும் இடத்துக்கு அருகில், தன்னைக் காத்துக்கொள்ள வசதியான மூலை ஒன்றை சார்னாக் தேர்ந்தெடுத்தார். அவருடைய கண் கூர்மையான கண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சந்தை அவருக்கு முன்னால் அங்கே இருந்தது.

அந்தச் சந்தைக்கும் ஒரு முன்கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டு வரை தென் வங்காளத்தின் பெரிய துறைமுகம் சரஸ்வதி ஆற்றின் மேலிருந்த சப்தகிராமம். ஆறு மண் மேடிட்டுச் சுருங்கச் சுருங்க வணிகம் ஹூக்ளி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தது. இன்றைய ஹவுரா பக்கம், பேட்டோர் என்ற இடத்தில் போர்த்துகீசியக் கப்பல்கள் நங்கூரமிட்டன. 1560களில் வந்த வெனிஸ் வணிகர் செசாரே ஃபெடரிச்சி அந்த ஊரைப் பற்றி எழுதியிருப்பதை ஒவ்வொரு தொல்லியல் மாணவரும் படிக்க வேண்டும். கப்பல்கள் வரும் பருவத்தில் ஓலையும் வைக்கோலும் கொண்டு ஒரு முழுச் சந்தை ஊர் எழும்பும். கப்பல்கள் கிளம்பியதும் அதைக் கொளுத்திவிடுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடி கட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊர் கல்லையும் கோபுரத்தையும் விட்டுச் செல்லாது. சாம்பல் அடுக்கையும் உடைந்த ஓட்டையும்தான் விட்டுச் செல்லும். சப்தகிராமத்தின் நெசவு வணிகக் குடும்பங்களான சேட்டுகளும் பசாக்குகளும் இந்த நகர்வின்போதுதான் ஆற்றைக் கடந்து கோவிந்தபூர் பக்கம் குடியேறியதாக வங்காள மரபு சொல்கிறது.

மரபு வேண்டாம், ஆவணம் கொடு என்று கட்டுரையாளர் கேட்கலாம். கொடுக்கிறேன். 1698 நவம்பர் 10ஆம் தேதி சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் ஜமீன் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1,300 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்திரம் பாரசீகத்தில் இருக்கிறது. வாங்கியவர் சார்னாக்கின் மருமகன் சார்லஸ் அயர். சார்னாக் 1693 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அந்தக் கிரயத்துக்கு அனுமதி பெறுவதற்காக மட்டும் முகலாய இளவரசர் அஜீம்-உஷ்-ஷானுக்கு 16,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஜமீன் உரிமை என்பது குடிகளிடமிருந்து வரி வசூலிக்கும் உரிமை. மூன்று ஊர்களுக்குமாக முகலாய அரசுக்குக் கட்ட வேண்டிய ஆண்டு வரி சுமார் 1,195 ரூபாய் என்று கணக்கு நிற்கிறது. அதில் சுதானுட்டியின் பங்கு 500 ரூபாய்க்கு மேல். சேற்றுக்கும் புலிக்கும் யாரும் வரி விதிப்பதில்லை. உழுதவர்களும் நூல் விற்றவர்களும் படகு ஓட்டியவர்களும் அங்கே இருந்ததால் வரி இருந்தது. வரி இருந்ததால் கம்பெனி விலை கொடுத்தது. சார்னாக்கை நிறுவனர் என்று சொல்பவர்கள் இந்தப் பத்திரத்தைத் தாண்டிப் போகவே முடியாது. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்கும் நூறாண்டுக்கு முன், அக்பரின் அவையில் அபுல் ஃபஸல் தொகுத்த ஆயின்-இ-அக்பரியில் சாத்காவ் (சப்தகிராமம்) சர்க்கார் என்ற வருவாய்ப் பிரிவின் கீழ் கல்கத்தா, பகோயா, பார்பக்பூர் என்ற மூன்று மஹால்கள், அதாவது வரி வட்டங்கள், சேர்ந்து 9,36,215 தாம் வரி காட்டப்பட்டிருக்கிறது. நாற்பது தாம் ஒரு ரூபாய். அதாவது 23,000 ரூபாய்க்கும் மேல். சில கையெழுத்துப் படிகளில் முதல் பெயரின் எழுத்து வேறுபடுகிறது என்பதால் இதை நான் முதன்மைச் சாட்சியாக வைக்கவில்லை. 1698 பத்திரம் தனியாகவே போதும்.

எதிர்த்தரப்பை மறுக்கும் அவசரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வீசுவது எனக்குப் பிடிக்காது. கொல்கத்தாவின் தொன்மையைப் பேசும் பலர் 1495ஆம் ஆண்டின் விப்ரதாசர் எழுதிய மனசா காவியத்தில் ஊரின் பெயர் வருகிறது என்பார்கள்; அந்தப் பகுதி பிற்காலச் செருகல் என்று கருதுவதற்கு ஆய்வாளர்களிடம் நல்ல காரணங்கள் உண்டு. ஆர்மீனிய தேவாலயத்தில் 1630 என்று வாசிக்கப்பட்ட ரெஸாபீபே என்ற பெண்மணியின் கல்லறைக் கல் இருக்கிறது. 1894இல் மெஸ்ரோப் சேத் அதைக் கண்டெடுத்தார். அதன் காலக்கணக்கிலும் விவாதம் உண்டு. 1783இல் கிடைத்த காளிகாட் புதையல் குப்தர் காலத்தின் கடைசிக் கட்டத்துத் தங்கக் காசுகள் நிறைந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் அதை லண்டனுக்கு அனுப்பினார். ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. ஆனால் புதைத்து வைத்த ஒரு பானை நாணயத்தால் ஒரு ஊரை நிரூபிக்க முடியாது. இந்த மூன்றையும் நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைக்காமலே என் வழக்கு நிற்கிறது.

இனி மண். வண்டலில் எதுவும் கிடைக்காது என்று எழுதுபவர் சந்திரகேதுகரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டாமா? கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள், பேராச்சம்பா அருகில், வித்யாதரி ஆற்றின் பழைய போக்கை ஒட்டி அது இருக்கிறது. 1909இல் ராகால்தாஸ் பானர்ஜி போய்ப் பார்த்த இடம். 1950களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் குஞ்ஜ கோவிந்த கோஸ்வாமியின் பொறுப்பில் அங்கே அகழ்ந்தது. மண் கோட்டைச் சுவர், கனா-மிஹிரர் மேட்டில் செங்கல் கட்டடம், வடநாட்டுக் கறுப்பு மெருகு மட்கலங்கள், ஆயிரக்கணக்கில் சுடுமண் உருவங்கள், எழுத்துப் பொறித்த முத்திரைகள். முத்திரைகளில் சிலவற்றில் கரோஷ்டியும் பிராமியும் கலந்த எழுத்து இருப்பதாகப் பி.என். முகர்ஜி படித்தார். இவையெல்லாம் கிடைத்தது கட்டுரையாளர் சொல்லும் அதே வண்டலில். அந்த மேடுகளைக் கொள்ளையர்கள் பல ஆண்டுகள் சுரண்டினார்கள். அங்கிருந்து போன சுடுமண் பொம்மைகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கின்றன. வண்டலில் ஒன்றுமே இல்லையென்றால் அந்தத் திருடர்கள் எதைக் கொண்டு போனார்கள்?

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சந்திரகேதுகரில் ரூலெட்டட் மட்கலங்கள் கிடைத்தன. உட்புற அடியில் வட்ட வட்டமாகச் சின்னஞ்சிறு வரிகளை உருட்டிப் பதித்த மெல்லிய தட்டுகள். 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அந்த ஊரின் காலத்தைக் கணிக்க அவருக்கு உதவியவற்றில் இந்தத் தட்டுகளும் உண்டு. அழகன்குளத்திலும் இதே வகை கிடைத்தது. நீண்ட காலம் இவை ரோமானியப் பாணியோடு சேர்த்தே பேசப்பட்டன. 1997இல் டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே அந்த ஓடுகளின் களிமண்ணை எக்ஸ்ரே விளிம்பு விளைவு முறையில் ஆராய்ந்து, அவை சந்திரகேதுகர்–தாம்லுக் வட்டாரத்து மண்ணோடு பொருந்துகின்றன என்று எழுதினார். அந்த முடிவின் மீது விவாதம் தொடர்ந்தது, தொடரட்டும். ஆனால் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் யாரோ சாப்பிட்ட தட்டு இந்த வங்காளச் சேற்றில் பிசைந்து சுடப்பட்டதாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொல்லும்போது, ‘வங்காளச் சேற்றுக்கும் நமக்கும் என்ன’ என்று ஒரு தமிழ் எழுத்தாளர் கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

சந்திரகேதுகர் கொல்கத்தா ஆகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. அது தனி நகரம். அது மட்டுமே ஆதாரம் என்றால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். தெற்கே வாருங்கள். ஆதி கங்கையின் பழைய தடம் காளிகாட் வழியாக கரியா, பாருய்பூர், ஜயநகர் என்று இறங்குகிறது. அந்தத் தடத்தை ஒட்டிய ஆட்கராவில் தொடக்க வரலாற்றுக் காலப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. தோசாவிலும் தில்பியிலும் 2000களின் நடுவில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய குடியிருப்பை வெளியே கொண்டுவந்தது. வடக்கே, நகரத்தின் உடம்புக்குள்ளேயே, டம் டம் நாகர்பஜாரில் கிளைவ் ஹவுஸ் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, ராபர்ட் கிளைவின் வீட்டு மேட்டுக்குக் கீழே சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியிருப்புத் தடயங்கள் தென்பட்டன. பிளாசியில் வென்றவரின் வீட்டுக்கு அடியில், அவருடைய நாட்டார் யாரும் இந்தக் கடலைப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பு வாழ்ந்தவர்களின் பானையோடுகள் கிடக்கின்றன. வடக்கில் மனிதர்கள், தெற்கில் மனிதர்கள், நடுவில் ஓடும் ஆற்றில் படகுகள். இடையில் உள்ள சில கல் தூரம் மட்டும் 1690 வரை ஆள் மிதிக்காமல் கிடந்தது என்று வாதிடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

கட்டுரையாளர் வர்ணிக்கும் அலையாத்திக் காடு பொய் என்று நான் சொல்லவில்லை. கொல்கத்தாவுக்கு அடியில் கரிமண் படிவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சியால்தா பக்கம் குளம் வெட்டியபோது நின்ற நிலையிலேயே சுந்தரி மரக் கட்டைகள் வெளிவந்தன. பின்னர் அந்தக் கரிமண்ணைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தார்கள். அதன் வயது 5000 ஆண்டுக்கு மேல். அந்தக் காட்டைப் பிடுங்கி வந்து 1690இல் நட்டு வைத்திருக்கிறார் கட்டுரையாளர்.

‘இதுவரை கொல்கத்தாவில் தோண்டியபோதெல்லாம் கிடைத்தது பிரிட்டிஷ் கோட்டைதானே’ என்று அவர் ஒரு கேள்வியை வெற்றிக் குறியோடு வைக்கிறார். அந்த அகழாய்வுகள் எதற்காக நடந்தன என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். 1883இல் ஃபேர்லி பிளேஸில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் அலுவலகம் எழும்பியபோது பொறியாளர் ராஸ்கெல் பெய்ன் பழைய வில்லியம் கோட்டையின் சுவர்களைப் பார்த்தார். அடுத்த பத்தாண்டில் சி.ஆர். வில்சன் அந்த வேலையைத் தொடர்ந்தார்; அவருடைய புத்தகம் 1906இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஜி.பி.ஓ. பக்கம் போனால் கோட்டையின் எல்லையைக் காட்டப் பதித்த பித்தளைக் கோடுகளைப் பார்க்கலாம். வில்சனின் உழைப்பு மதிக்கத்தக்கது. அவருடைய அளவுகள் நுட்பமானவை. ஆனால் அந்தக் காலத்தில் ஆட்சியாளர்கள் மண்ணிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: 1756 ஜூன் 20 அன்று சிராஜ்-உத்-தௌலா கோட்டையைப் பிடித்தபோது கைதிகளை அடைத்த அந்தக் கறுப்பு அறை எங்கே இருந்தது? கர்சன் பிரபு தன் சொந்தச் செலவில் 1902இல் அதற்கு நினைவுச்சின்னத்தை மறுபடி நிறுவினார். 1940இல் சுபாஷ் சந்திர போஸ் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அது அங்கிருந்து அகற்றப்பட்டு செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக்குப் போனது. கோட்டைச் சுவரைத் தேடித் தோண்டியவர்களுக்குக் கோட்டைச் சுவர் கிடைத்தது. அதற்குக் கீழே போக அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

செங்கல்லை மட்டும் தேடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஏ.கே. ராய் எழுதிய கொல்கத்தா வரலாற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. 1706இல் ஊரில் இருந்த பக்கா வீடுகள் 8. கச்சா வீடுகள் 8000. சார்னாக் இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்தும், கோட்டை எழும்பிய பிறகும், நிலைமை இது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்த அந்தச் செங்கல் வீடுகளை வைத்து ஊரின் வரலாற்றை எழுதினால், மூங்கிலும் மண்ணும் ஓலையும் கொண்டு கட்டி வாழ்ந்தவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். இன்றைய தொல்லியலுக்குச் சுவர் தேவையில்லை. தூண் நட்ட குழி மண்ணின் நிறத்தில் தெரியும். அடுப்புச் சாம்பலில் நெல்லின் வகை தெரியும். மகரந்தத் துகளில் காடா வயலா என்று தெரியும். மீன் முள்ளும் நண்டு ஓடும் யார் எதைத் தின்றார்கள் என்று சொல்லும். இந்த முறைகள் கொல்கத்தா போன்ற மண் வீட்டு ஊருக்காகவே வந்தவை. வில்சன் காலத்தில் அவை இல்லை. கட்டுரையாளர் காலத்தில் இருக்கின்றன.

நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பது நேர்மையற்றது. 2001இல் சபர்ண ராய் சௌத்ரி குடும்ப அமைப்பு வழக்குத் தொடுத்தது. நீதிபதிகள் வரலாற்றைத் தாங்களே எழுதவில்லை. நேமாய் சாதன் போஸ் தலைமையில் வரலாற்றாசிரியர்கள் ஐந்து பேர் கொண்ட குழுவிடம் கேட்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கையை ஏற்று 2003 மே 16ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சார்னாக் நகரத்தின் நிறுவனர் இல்லை. ஆகஸ்ட் 24 அதன் பிறந்தநாளும் இல்லை. வழக்குப் போட்ட குடும்பத்துக்குத் தங்கள் முன்னோர் பெயரை அந்த இடத்தில் பார்க்கும் ஆசை இருந்திருக்கலாம். ஆனால் தீர்ப்பு அந்தப் பட்டத்தை அவர்களுக்கும் கொடுக்கவில்லை, வேறு எந்த இந்தியருக்கும் கொடுக்கவில்லை. படிப்படியாக வளர்ந்த ஊருக்கு ஒற்றை நிறுவனர் கிடையாது என்று நிறுத்திக்கொண்டது. வெறுப்பில் பிறந்த தீர்ப்பு ஒரு வெள்ளைக்காரரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நம்மவர் ஒருவரை ஏற்றியிருக்கும். இது யாரையும் ஏற்றவில்லை. அறிஞர்கள் ஐந்து பேரின் உழைப்பை வெறுப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளும் கட்டுரையாளர், அவர்களுடைய ஒரு வாதத்தையாவது எடுத்து மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

கம்பெனி இல்லாமல் கொல்கத்தா இவ்வளவு பெரிய நகரமாகியிருக்காது என்பதை நானும் ஏற்கிறேன். 1696இல் தொடங்கிய கோட்டை, 1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் கொடுத்த ஃபர்மான் என்ற அரச ஆணை, 1757க்குப் பின் வந்த அதிகாரம், பின்னர் தலைநகர் என்ற நிலை – இவை எல்லாம் சேர்ந்துதான் மூன்று ஊர்களை மாநகரம் ஆக்கின. வளர்த்தவர் யார் என்ற கேள்வியும் பெற்றவர் யார் என்ற கேள்வியும் வேறு வேறு. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

சென்னைவாசிகளுக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. 1639 ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளுக்கு முன் மயிலாப்பூர் இல்லையா? திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதை எழுதியவர்கள் எந்த ஊரில் நின்று எழுதினார்கள்? இந்தக் கேள்வியைக் கட்டுரையாளரே வேறு மேடைகளில் கேட்கிறவர். தன் ஊருக்குக் கேட்கும் நியாயத்தை அடுத்த ஊருக்கு ஏன் மறுக்கிறார்?

செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள கரும்பலகை சென்னைக்கு அருகே பல்லாவரம் பகுதியிலிருந்து கப்பலில் போன கல். புவியியல் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுதும் இன்று அதுதான் பெயர். அந்தப் பாறை உருவானது சார்னாக் பிறப்பதற்குப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன். அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அது. கம்பெனிக்காரர்கள் கல் வெட்டிய இடம், பட்டாளம் முகாம் போட்ட இடம், அதற்கு முன் அங்கே என்ன இருக்கப் போகிறது என்று ஃபூட்டும் நடந்து போயிருந்தால்? பெயர் வைத்தவரை வைத்துப் பொருளின் வயதைக் கணிக்கும் பழக்கத்தைப் பல்லாவரத்து மண்ணே பொய்யாக்கிவிட்டது.

கட்டுரையாளர் கீழடியைச் சொல்லி வாதத்தை முடிக்கிறார். கீழடியின் கதை அவர் வாதத்துக்கு நேர் எதிரானது. தென்னந்தோப்புக்குள் கிடந்த பள்ளிச்சந்தைத் திடல் அது. முதல் இரண்டு கட்டங்களை அமர்நாத் ராமகிருஷ்ணா நடத்தினார். 2017இல் நடந்த மூன்றாம் கட்டத்துக்குப் பிறகு, கட்டடங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று இந்தியத் தொல்லியல் துறை சார்பில் சொல்லப்பட்டது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு தமிழ்நாடு திருப்தி அடைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாநிலத் தொல்லியல் துறை நான்காம் கட்டத்தை எடுத்துத் தோண்டியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காலம் காட்டியதை 2019இல் வெளியிட்டது. அதற்குப் பின்னும் ஆண்டுக்கு ஆண்டு அகழாய்வு தொடர்ந்தது. கீழடி நமக்குக் கிடைத்தது, ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று முன்கூட்டியே சொன்னவர்களை நாம் நம்பாததால். இப்போது அதே வாக்கியத்தைக் கொல்கத்தாவின் முகத்தில் வீசுவதற்குக் கீழடியின் பெயரையே எடுக்கிறார். கீழடியில் வெயிலில் கூடை சுமந்த பெண்களுக்கு இது அவமரியாதை.

பணம் வீண் என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்று இதுதான் அவசரம். கொல்கத்தாவைத் தோண்டலாமா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துபோனது. ஏற்கெனவே தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1970களில் முதல் மெட்ரோவுக்காகத் தெருக்களை வெட்டித் திறந்து மூடினார்கள். 1984இல் ரயில் ஓடியது. கிழக்கு–மேற்குப் பாதை ஹூக்ளிக்கு அடியில் சென்று, பழைய கோட்டை நின்ற பகுதியை ஒட்டிக் கடந்து 2024இல் திறந்தது. அந்தப் பாதையின் சுரங்க வேலையில்தான் 2019 ஆகஸ்ட் 31 அன்று பௌபஜாரில் வீடுகள் இடிந்தன. இப்போது ஜோக்கா–எஸ்பிளனேடு பாதைக்காக மைதானத்தில் பள்ளம் இறங்குகிறது. சுமார் 400 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் திறந்த வெளி எப்படி வந்தது? பிளாசிக்குப் பிறகு 1758இல் புதிய வில்லியம் கோட்டை கட்டத் தொடங்கியபோது கோவிந்தபூர் மக்களைக் கிளப்பிவிட்டார்கள். ஊர் போனது, கோட்டை வந்தது, பீரங்கிக்குச் சுடுவெளி வேண்டும் என்று சுற்றிலும் காடு வெட்டினார்கள். சித்பூரிலிருந்து காளிகாட்டுக்கு யாத்திரிகர் நடந்த பழைய பாதை, இன்றைய சித்பூர் சாலையும் பெண்டிங்க் தெருவும் சௌரங்கியும், அந்த மைதானத்தின் விளிம்பிலேயே போகிறது. கோவிந்தபூருக்கும் சௌரங்கிக்கும் இடையில் 1690க்கு முன் காடு மட்டும்தான் இருந்ததா, வயலும் குடிசையும் இருந்தனவா என்பதை அந்தப் பள்ளத்தின் சுவரே சொல்லும். மேலே பெரிய கட்டடம் எழும்பாமல் காப்பாற்றப்பட்ட இப்படி ஒரு நிலம் வேறு எந்த இந்தியப் பெருநகரத்தின் நடுவில் இருக்கிறது?

இஸ்தான்புல்லில் மர்மராய் ரயில் பாதைக்காக 2004இல் யெனிகாபியில் மண் எடுக்கத் தொடங்கினார்கள். பைசாந்தியத் துறைமுகம் ஒன்று வெளிவந்தது. 37 கப்பல்கள் வந்தன. அதற்கும் கீழே சுமார் எட்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியிருப்பும் சேற்றில் பதிந்த மனிதக் காலடிகளும் வந்தன. ரயில் தாமதமானது, தாமதமாகி 2013இல் ஓடியது. கிரேக்கர்கள் வந்து நிறுவிய நகரம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. லண்டனில் கிராஸ்ரயில் பள்ளங்களில் நூற்றுக்கு மேற்பட்ட தொல்லியலாளர்கள் வேலை செய்தார்கள். ஏதென்ஸில் மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே கிடைத்த பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இவற்றில் எங்கும் அகழாய்வுக்கென்று தனியாக ஊரைத் தோண்டவில்லை. எப்படியும் வெட்டப் போகிற மண்ணைப் பார்த்துவிட்டு அள்ளினார்கள்.

கொல்கத்தாவுக்கு நான் கேட்பதும் அதுதான். மைதானத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் தொல்லியலாளர் நிற்க வேண்டும். மண் அடுக்குகளை அளந்து வரைந்து, மகரந்தத்துக்கும் கரிக்கும் மாதிரி எடுத்து, அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிட வேண்டும். கிளைவ் ஹவுஸ் மேட்டில் தொடங்கிய வேலையைத் தொடர வேண்டும். நூல் சந்தை நடந்த வடக்குக் கொல்கத்தாவில் பழைய வீடு இடித்துப் புதுக் கட்டடம் எழும்பும் ஒவ்வொரு மனையிலும் அடித்தளம் போடும் முன் சில நாள் அவகாசம் வேண்டும். இவை கீழடியின் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. கட்டுமானத் திட்டத்தின் செலவிலேயே அடங்கும்.

கட்டுரையாளர் மறுபடி எழுதுவார் என்றால், சார்னாக்கின் புகழை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். ஆள் இல்லாத சேற்றுக்கு 1698இல் கம்பெனி ஏன் 1,300 ரூபாயும் அதற்கு மேல் 16,000 ரூபாயும் கொடுத்தது? மைதானத்து மண்ணை லாரியில் ஏற்றும் முன் ஒருவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?